தொடாமலே தள்ளும் ஆசான்

ஒரு காட்டில், அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத ஒரு தேவாங்குக் குடும்பம் இருந்தது, பிள்ளைகளே. மூன்று தலைமுறையாக அவர்களுக்கு ஒரே தொழில்தான்: மெல்லாட்டம் என்னும் தற்காப்பு வித்தையைச் சொல்லிக் கொடுப்பது. அந்த வித்தையில் கையை ஒருமுறை தூக்கி இறக்குவதற்குள் நத்தை ஒன்று குறுக்கே கடந்து போய்விடும். அவ்வளவு நிதானம்.

வித்தையைத் தொடங்கிய தாத்தா கெட்டிக்காரர். "முட்ட வருகிறவனை எதிர்த்து நிற்காதே. அரை அடி விலகி வழி விடு. அவன் வேகமே அவனைக் கவிழ்த்துவிடும்" என்பதுதான் அவருடைய முதல் பாடம். அந்த அரை அடியை வைத்தே ஒரு காட்டெருமையை மண்ணைக் கவ்வ வைத்தவர் அவர்.

பேரன் அசையாண்டாரும் முதலில் ஒழுங்காகத்தான் இருந்தார். ஒரு நாள் அத்தி மரத்தடியில் மாணவர்களுக்குப் பாடம் நடத்தும்போது அவர் கையைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்து எதிரே நின்ற தவளை ஈர இலையில் வழுக்கி விழுந்தது.

"ஆகா! தொடாமலே தள்ளிவிட்டாரே நம் ஆசான்!" என்று முயல் கத்தியது.

இந்த முயல் இருக்கிறதே, இது எல்லாக் காட்டிலும் இருக்கும்.

அசையாண்டாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இருந்ததிலேயே பெரிய அத்திப் பழத்தை எடுத்து முயலுக்குக் கொடுத்தார்.

மறுநாள் அவர் கையைத் தூக்கியதும் அணில் விழுந்தது. அதற்கும் மறுநாள் எலிகள் வரிசையாக விழுந்தன. முயலோ மூன்று குட்டிக்கரணம் போட்டு விழுந்து, "ஐயோ, என் இடுப்பு போச்சே!" என்று அலறியது. நன்றாக விழுந்தவர்களுக்கு நல்ல பழம் கிடைத்தது. அரை அடிப் பாடத்தை அப்புறம் யார் சீண்டுவார்கள்?

விழும்போது ஒரு எலி அரைக்கண்ணைத் திறந்து பழக்கூடையைப் பார்த்ததை அசையாண்டார் கவனித்தார். கவனித்தும், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் மனைவி மெல்லாயி கேட்டாள்: "ஏங்க, நீங்கள் கையைத் தூக்கினால் எனக்கு மட்டும் ஒன்றும் ஆவதில்லையே, ஏன்?"

"என்னோடு இத்தனை வருடம் இருந்து உனக்குப் பழகிவிட்டது."

மெல்லாயி தினமும் எல்லோரும் போன பிறகு அந்த அரை அடியைத் தனியாகப் பழகிக்கொண்டாள்.

ஒரு நாள் மாலை, மந்தையிலிருந்து ஓடி வந்த கிடா ஒன்று அத்தி மரத்தடியில் வந்து படுத்தது. அதன் கொம்புகள் முறுக்குப் போலச் சுருண்டிருந்தன.

"எழுந்திரு. இது பாடம் நடக்கிற இடம்" என்றார் அசையாண்டார்.

கிடா அவரை மேலும் கீழும் பார்த்தது. "என்னடா இது, தேவாங்கு மாதிரி ஒரு மூஞ்சி!"

"தேவாங்கேதான்."

"சரி, ஒரு முட்டு முட்டிப் பார்ப்போம். தோற்றவர் இந்தக் காட்டை விட்டே போய்விட வேண்டும்."

"ஆசானே, கையைத் தூக்குங்கள்! பயல் எட்டு ஊர் தள்ளிப் போய் விழட்டும்!" என்று முயல் குதித்தது.

மெல்லாயி கிட்டே வந்து, "அரை அடி விலகுங்கள். அது போதும்" என்று கிசுகிசுத்தாள்.

"அது புதிதாகச் சேருகிற எலிகளுக்கு உள்ள பாடம். நீ ஓரமாக நின்று வேடிக்கை பார்."

கிடா தலையைக் குனிந்துகொண்டு ஓடி வந்தது. அசையாண்டார் மெல்லக் கையைத் தூக்கினார்.

தவளை விழுந்தது. அணில் விழுந்தது. எலிகள் விழுந்தன. முயல் மூன்று குட்டிக்கரணம் போட்டது. கிடா மட்டும் விழவில்லை. பாவம், அதற்கு யாரும் சொல்லி வைக்கவில்லை.

அடுத்த நொடி அசையாண்டார் இலந்தை முள் புதருக்குள் கிடந்தார்.

"இனி இந்த இடம் எனக்கு. மூட்டையைக் கட்டுங்கள்!" என்றது கிடா.

"வித்தை குடும்பத்துக்குச் சொந்தம். குடும்பத்தில் இன்னும் ஒருத்தி நிற்கிறேன்" என்றாள் மெல்லாயி. சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்த சேற்றுக் குளத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

கிடா சிரித்துக்கொண்டே பாய்ந்தது. அதன் மூச்சு முகத்தில் படும்வரை மெல்லாயி அசையவில்லை. பிறகு அரை அடி விலகினாள். கிடா அவளைத் தாண்டிப் போய்க் கழுத்தளவு சேற்றில் விழுந்தது. ஒருவழியாகக் கரையேறி, சேறு சொட்டச் சொட்டக் காட்டை விட்டே போனது.

முயல் எழுந்து இலந்தைப் புதருக்கு ஓடியது. "ஆசானே! முள்ளில் கிடந்தபடியே கிடாவைச் சேற்றில் தள்ளிவிட்டீர்களே! என்ன வித்தை, என்ன வித்தை!"

அசையாண்டார் மூக்கில் தைத்திருந்த முள்ளை மெதுவாகப் பிடுங்கினார். முயலை மெதுவாகப் பார்த்தார். பிறகு, மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் யாருமே செய்யாத ஒன்றைச் செய்தார். ஒரு காரியத்தை வேகமாகச் செய்தார். பளார் என்று ஓர் அறை.

முயல் விழுந்தது. பழத்துக்காக இல்லாமல் அது விழுந்தது அன்றைக்குத்தான்.

நீதி: நமக்காக விழுந்து காட்டுகிறவர்களை வைத்து நம் பலத்தை எடை போடக் கூடாது.