சொர்ணம் வளர்த்த உப்புக்கல்

“யாரோ திருடுறாங்க மேடம்,” என்றார் ஞானமுத்து.

செல்லக்கனி நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஆய்வுக்கூடத்தில் அவள்தான் ஆசிரியை. ஞானமுத்துவுக்கு அவளுடைய அப்பா வயசு. அவர் மனைவி சொர்ணம் இங்கே உப்பைப் படிகமாக்கி உப்புக்கல் வளர்த்தவள். அவள் இறந்துபோன பிறகு, அப்படி என்னதான் செய்தாள் என்று தெரிந்துகொள்ள, சீடனாக வந்து உட்கார்ந்துவிட்டார் மனுஷன்.

“எதைத் திருடுறாங்க?”

“நிறத்தை.”

கையிலிருந்த கறுப்புத்தாள் பொட்டலத்தைப் பிரித்தார். சொர்ணம் கடைசியாக வளர்த்து, கதிர்வீச்சுப் பெட்டிக்குள் வைத்த கல். கண்ணாடி மாதிரி உள்ளே போனது, கருப்பட்டி நிறத்தில் வெளியே வந்தது. எடுத்துப் பார்க்கத்தான் அவள் இல்லை.

இப்போது அது வெளுத்துக் கிடந்தது.

“பூட்டித்தான் வைக்கிறேன். சாவி என் இடுப்புல. தினம் காலையில ஜன்னலோரம் எடுத்துப் பார்ப்பேன், அவ்வளவுதான்.”

“நீங்க பார்க்கிறதாலதான் போகுது.”

அவர் முகம் செத்துப்போச்சு.

வெளிச்சம் பட்டால் அந்த நிறம் கரையும். அதைச் சொல்லியிருக்கலாம், பாவி. குரு என்றால் வெடுக்கென்று ஒரு வரிதான் பேச வேண்டும் என்று அவளுக்கு ஒரு வீம்பு.

“அப்ப இருட்டுல வச்சா?”

“இருக்கும். பார்க்க முடியாது.”

“ஒரே ஒரு தடவை முழுசா அவ வச்சுட்டுப் போனதைப் பார்க்க வழியே இல்லையாம்மா?”

“இருட்டுல சூடாக்கினா, உள்ள மிச்சம் இருக்கிற நிறமெல்லாம் வெளிச்சமா வந்துடும். ஒரு மூச்சு நேரம். அப்புறம் வெறும் உப்பு.”

வெகுநேரம் கல்லைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“சரி, வைங்க.”

விளக்கை அணைத்துவிட்டு, கல்லைச் சூட்டுத் தட்டில் வைத்தாள். இருட்டில் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது போலிருந்தது. அவர் நாற்காலி இருந்த பக்கம் இல்லை, வேறு பக்கம்.

கல்லுக்குள் நீலமாக வெளிச்சம் வந்தது. தீ இல்லை, சத்தம் இல்லை.

எத்தனையோ கல்லை இப்படிப் பார்த்தவள்தான் செல்லக்கனி. இன்றைக்கு உள்ளேயிருந்து யாரோ பார்க்கிறார்கள் என்றே தோன்றியது. சொர்ணக்கா என்று வாய்வரை வந்துவிட்டது.

சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். அந்த நீலத்தில் அவர் முகம் நன்றாகத் தெரிந்தது. இரண்டு கண்ணையும் இறுக மூடியிருந்தார்.

அவள் கூப்பிடுவதற்குள் கல் அணைந்தது.

“நான் பார்க்கவே இல்ல மேடம்,” என்றார் இருட்டுக்குள். “இனிமே போகாதுல்ல?”