கசிவை அடைத்த யானை

காட்டுக் குளத்தின் அணையைப் பார்க்கும்போதெல்லாம் மாதங்கி என்ற யானைக்குக் கவலை வந்தது. யாரோ எந்தக் காலத்திலோ கல்லும் மண்ணும் குவித்துக் கட்டிய அணை அது. கற்கள் சரிந்து, இடுக்குகளில் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது.

"அடுத்த மழைக்கு இது தாங்காது. உடைந்தால் குளமே போய்விடும்" என்றாள் மாதங்கி.

"அதோடு எவ்வளவு தண்ணீர் வீணாகப் போகிறது, பார்த்தாயா?" என்றான் முள்ளன் என்ற காட்டுப்பன்றி.

இருவரும் வேலையில் இறங்கினார்கள். முள்ளன் களிமண்ணைக் கிண்டிக் கொடுத்தான். மாதங்கி பாறைகளை உருட்டி வந்து அடுக்கினாள். பழைய அணை போய்ப் புதிய அணை எழுந்தது. ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. குளம் கரை தொட்டு நிரம்பியது. மான்கள் வந்து குடித்துவிட்டு வாயாரப் புகழ்ந்தன. மாதங்கிக்குத் தலைகால் புரியவில்லை.

சில நாள் கழித்து, சரிவுக்குக் கீழே பருந்துகள் வட்டமிடுவதைக் கண்டாள். அங்கே அப்படி என்ன இருக்கிறது? முட்புதரை விலக்கிக்கொண்டு இறங்கினாள். அந்தப் பக்கம் அவள் அதுவரை போனதே இல்லை.

கீழே ஒரு குட்டை இருந்திருக்கிறது. இப்போது வெடித்த சேறுதான் மிச்சம். நடுவில் யானைக் காலடி அகலத்துக்குக் கொஞ்சம் தண்ணீர். அதில் ஒரு தாய் விரால் ஒருக்களித்துக் கிடந்தது. அதன் செந்நிறக் குஞ்சுகள் வாயைத் திறந்து திறந்து மூடின. சேற்றில் காய்ந்து ஒட்டிக் கிடந்த குஞ்சுகள் இன்னும் அதிகம்.

மாதங்கியின் துதிக்கை அந்தரத்தில் அப்படியே நின்றது.

"அம்மா, மேலே குளம் வற்றிவிட்டதா?" என்று கேட்டது விரால். "அங்கிருந்து கசிந்து வரும் தண்ணீரில்தான் நாங்கள் பிழைத்தோம். திடீரென்று நின்றுவிட்டது."

வற்றவில்லை, தளும்புகிறது என்று எந்த வாயால் சொல்வது?

"நான்தான் நிறுத்தினேன்" என்றாள் மாதங்கி கடைசியில். "நீங்கள் இங்கே இருப்பது எனக்குத் தெரியாது."

விரால் அவளைத் திட்டவில்லை. "மிச்சமிருக்கும் குஞ்சுகள் பொழுது சாயும்வரை தாங்காது" என்று மட்டும் சொன்னது.

மாதங்கி மேலே ஓடினாள். அணையின் அடியிலிருந்து ஒரு கல்லைப் பிடித்து இழுத்தாள். முள்ளன் பதறி ஓடி வந்தான்.

"உனக்குப் பைத்தியமா? பாடுபட்டுக் கட்டியதை நீயே உடைக்கிறாயே!"

"உடைக்கவில்லை, வழி விடுகிறேன். கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசு."

முள்ளன் போனான். திரும்பி வந்ததும் நேரே அணையடிக்குப் போனான். தண்ணீர் தடையின்றி ஓடக் கோரைப்பல்லால் வாய்க்கால் கீறினான். மாதங்கி கல்லை உருவினாள்.

மாலைக்குள் குட்டையில் தண்ணீர் ஏறியது. உயிரோடிருந்த குஞ்சுகள் தாயின் வயிற்றடியில் கூடின. சேற்றில் கிடந்தவற்றையும் தண்ணீர் தூக்கிவிட்டது; ஆனால் அவை நீந்தவில்லை.

நமக்கு வீணாகத் தெரிவது இன்னொருவருக்கு உயிராக இருக்கலாம்; அதை அடைக்கும் முன் அது எங்கே போகிறது என்று போய்ப் பார்க்க வேண்டும்.