ஊர்க்கோடிப் பாவாயிக்கு ஒரு கோடிச்சேல

நான் இப்பச் சொல்லப்போறதுல ஒரு வார்த்த பொய் கெடையாது. பொய்யா இருந்தா நான் கட்டியிருக்கிற வேட்டி இந்த எடத்துலயே அவுந்து விழட்டும். பாத்தீங்களா, விழல. பெல்ட்டு போட்டிருக்கேன், அது வேற விசயம்.

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முந்தி, உங்க பாட்டனுக்குப் பாட்டன் கோவணம் கட்டப் பழகறதுக்கும் முந்தி, தறிப்பட்டணம்னு ஒரு ராச்சியம் இருந்துச்சு. அந்த ஊருல துணி ஒரு ஆளோட நிக்காது. அண்ணன் சட்ட தம்பிக்கு, தம்பிக்குப் பத்தலைன்னா எதிர்வீட்டுப் பையனுக்கு. கல்யாணச் சேல நைஞ்சு போனா புள்ளைக்குத் தூளி, தூளி கிழிஞ்சா பக்கத்து வீட்டுக் குட்டிக்குப் பாவாட, அதுவும் கிழிஞ்சா அடுப்படியில கரித்துணி. தெருவுல ஒருத்தன் நடந்து வந்தா பாதி ஊரு சேந்து நடந்து வர்ற மாதிரி இருக்கும்.

அந்த ஊருக்கு வெளிய, பழைய கல்லுக்குழி ஓரமா, பாவாயின்னு ஒருத்தி குடிச போட்டிருந்தா. அவளுக்கு ஒட்டும் கெடையாது, உறவும் கெடையாது. கட்டியிருந்த சேலையில மட்டும் ஏகப்பட்ட ஒட்டு. வீட்டுக்கு வீடு போய் நிப்பா, ஆளுக்கொரு கந்தல் குடுப்பாங்க, கொண்டாந்து ஒட்டுப் போட்டுக்குவா. கோடித்துணிய, அதான் புத்தம்புதுசு, ஒரு நாளும் உடம்புல சுத்திப் பாத்ததில்ல. அவளுக்குக் கெடச்ச ஒரே கோடி ஊர்க்கோடிதான்.

இப்படி இருக்கறப்ப மினுக்கன்னு ஒரு மாயாவி வந்து சேந்தான். தல முடியில இருந்து கால் நகம் வரைக்கும் மினுமினுப்பு. தோளுல ஒரு தறி. அந்தத் தறிக்கு நூலும் வேண்டாம், நெய்யறதுக்கு ஆளும் வேண்டாம், தானா ஓடும். ஓடறப்ப இப்படிச் சத்தம் போடும்:

டக்கடக்க புதுசு, பழச எல்லாம் வீசு.

மினுக்கன் ராசாகிட்டப் போனான். "ராசாவே, உங்க சனம் பூரா ஒட்டுத்துணி கட்டிட்டுத் திரியுது. வெளியூர்க்காரன் பாத்தா சிரிக்க மாட்டானா? தெனம் காத்தால ஆளுக்கொரு கோடித்துணி நான் தர்றேன்."

"வெல?"

"வெலயெல்லாம் ஒண்ணும் வேண்டாம். பழச வீசிட்டு வரணும், அவ்வளவுதான்."

ராசா யோசிச்சிருக்கணும். ஆனா சும்மா தர்றேன்னு சொன்னா ராசாவா இருந்தா என்ன, நாமளா இருந்தா என்ன, யோசிக்கவா செய்யறோம்?

கல்யாணத்துக்கு ஒரு கோடி, செத்தா ஒரு கோடி, அதுதான வழக்கம். இவன் உசுரோட இருக்கறவங்களுக்குத் தெனம் கோடி போட ஆரம்பிச்சான். வெளங்குமா?

ஊரே பழசக் கொண்டாந்து கல்லுக்குழியில கொட்டிட்டு வரிசையில நின்னுச்சு. கடைசியா நின்னது பாவாயி.

"பழச வீசு, புதுசு தர்றேன்"ன்னான் மினுக்கன்.

"புதுசக் குடுங்க. மறவுல போய் மாத்திட்டுப் பழசக் கொண்டாந்து வீசிர்றேன்."

"மொதல்ல வீசணும்."

"மாத்துச்சேல கெடையாதுங்க. இதக் கழட்டி அதக் கட்டறதுக்குள்ள மானம் போயிருமே."

"அப்ப உனக்கு இல்ல போ." தறிய மூடிட்டான்.

மறுநா காத்தால பாவாயி ஊருக்குள்ள போனா, ஊரே அழுதுட்டு இருக்கு. கோடி கட்டுன ஒருத்தர் கண்ணுக்கும் இன்னொருத்தர் தெரியல. பேசுனாலும் கேக்கல. ஆடு தெரியுது, அடுப்பு தெரியுது, ஆளக் காணோம். புருசன் முட்டுனா பொண்டாட்டி "பேயி பேயி"ன்னு ஓடுறா. எல்லார் கண்ணுக்கும் தெரிஞ்சது ஒரே ஒருத்தன், மினுக்கன். "எல்லாம் உங்களை விட்டுட்டு ஓடிட்டாங்க கண்ணு, நான் இருக்கேன்ல"ன்னு வீட்டுக்கு வீடு உக்காந்து காப்பி குடிச்சான். அவன் பொறந்ததுல இருந்து ஒரு வீட்டுலயும் "வா, உக்காரு"ன்னு சொன்னதே இல்லையாம். பாவந்தான். அதுக்குன்னு இப்படியா?

பாவாயி கண்ணுக்கு எல்லாரும் தெரிஞ்சாங்க. "ஏனுங்க, உங்க மக உங்க பக்கத்துலதான நிக்குது"ன்னு தெருத்தெருவாக் கத்துனா. ஒருத்தரும் திரும்பல. இதுல கொடும என்னன்னா, முன்னாடியும் அவளை யாரும் பாத்ததில்ல. கந்தல் குடுக்கறப்பக் கந்தலப் பாப்பாங்க, அவ மூஞ்சியப் பாக்க மாட்டாங்க. அதனால, தானும் யாரு கண்ணுக்கும் தெரியலங்கறதே அவளுக்குப் புரிய ரொம்ப நாளாச்சு.

புரிஞ்ச அன்னைக்குக் குடிசைக்கு வந்தா. சோறு வடிச்சா. "சாப்பிடு பாவாயி"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டா. "நீ சாப்பிட்டியா"ன்னு கேக்கத்தான் ஆளில்ல.

அடுத்த நா கெணத்தடியில ஒரு கூத்து. நஞ்சம்மான்னு ஒருத்தி தண்ணி சேந்திட்டு இருந்தா. அவ பக்கத்துல ஒரு கொடம் ஆளே இல்லாம அந்தரத்துல நடந்து வந்துச்சு. பாவாயி ரெண்டடி பின்னால போயிட்டா. அப்புறந்தான் பாத்தா, கொடம் போற நட சென்னியப்பன் நட, அதாவது நஞ்சம்மா புருசன். ஊரே தெரியறப்ப இந்த ஆளு மட்டும் ஏன் தெரியல?

உக்காந்து யோசிச்சா. எல்லா வீட்டுலயும் ஒரு கந்தலாவது குடுத்திருக்காங்க. சென்னியப்பன் மட்டும் கிழிஞ்ச கோவணத்தக் கூடக் குடுக்காத மகராசன். அவன் துணி இவ சேலையில இல்ல. அப்ப... எந்திரிச்சு ஓடுனா கல்லுக்குழிக்கு. தோண்டித் தோண்டி அவன் பழைய துண்டு ஒண்ண எடுத்தா. ஊசியக் குத்து, நூல இழு, ஒட்டுப் போடு. போட்டுட்டு நிமுந்து பாத்தா, கொடத்துக்கு அடியில சென்னியப்பன். பொண்டாட்டிக்கு ஒரு முழந் தள்ளி நின்னு, "எங்கம்மணி போயிட்ட"ன்னு அழுதுட்டு இருக்கான்.

யாரு துணி உன் உடம்புல இருக்கோ அவங்கதான் உன் கண்ணுக்குத் தெரிவாங்க. மந்திரம் அவ்வளவுதான்.

உச்சி வெயில்ல நஞ்சம்மா சேல கொடியில காஞ்சுட்டு இருந்துச்சு. முந்தானையில சென்னியப்பன் துண்ட ஒட்டுனா. அவன் வேட்டியில நஞ்சம்மா பழைய சேலைய ஒட்டுனா. ஊசியக் குத்து, நூல இழு, ஒட்டுப் போடு. சாயங்காலம் ரெண்டு பேரும் துணிய எடுத்து உடுத்துனாங்க. நிமுந்தாங்க.

"எங்கீங்க போயிருந்தீங்க இத்தன நாளா?"

"நானா? நீதான் போன. இங்கயேதான் நான் கெடந்தேன்."

"கெடந்தவரு மாட்டுக்குத் தண்ணி காட்டுனீங்களா?"

"வந்ததும் வராததுமா மாட்டப் பத்திக் கேக்குறா பாரு."

சண்டையும் போட்டுட்டு ரெண்டு பேரும் கையப் புடிச்சுட்டே நின்னாங்க. பாவாயி வாசல்ல நின்னு சிரிச்சா. அவ சிரிப்பு யாருக்கும் கேக்கல.

மினுக்கன் கல்லுக்குழிக்கு வந்துட்டான், கையில நூல்சேலையோட. அவனுக்கு எல்லாரும் தெரியும். "ஒட்டுப் போட்டியே, உன்ன யாராச்சும் என்னன்னு கேட்டாங்களா? இந்தா, இதக் கட்டிக்க. தெனம் வந்து நான் உங்கிட்டப் பேசறேன்."

"வேண்டாம்"ன்னா. ஆனா அவன் போனப்புறம் ரொம்ப நேரம் அவன் போன வழியவே பாத்துட்டு இருந்தா. என்ன பண்றது, அவகிட்டப் பேசுன ஒரே ஆளு அவந்தான?

தாய்க்கு மக, அண்ணனுக்குத் தம்பி, ராசாவுக்கு ராணி. ஊசியக் குத்து, நூல இழு, ஒட்டுப் போடு. நஞ்சம்மாவும் சென்னியப்பனும் விசயத்தப் புடிச்சுக்கிட்டாங்க. ஒட்டிருக்கற பக்கம் ஆளு தெரியுதுன்னு ஊரெல்லாம் சொல்ல, ஊரே கல்லுக்குழிக்கு வந்துச்சு. உம் பழசு எனக்கு, எம் பழசு உனக்குன்னு பிரிச்சாங்க, கிழிச்சாங்க, தச்சாங்க. கல்லுக்குழி சந்தை மாதிரி ஆயிருச்சு. பாவாயி குடிச முன்னாடிதான் அத்தன பேரும் உக்காந்திருந்தாங்க. ஒருத்தர் அவ மேலயே உக்காந்துட்டாரு.

அவளும் ஒரு முயற்சி பண்ணுனா. தன் சேலையில ஒரு துண்டு வெட்டி நஞ்சம்மா முந்தானையில ஒட்டுனா. நஞ்சம்மா திரும்பி, "அட, எண்ணெக்காரம்மா, நீங்களா"ன்னு வேற பக்கம் பாத்துச் சிரிச்சா. அது எண்ணெக்காரம்மா கோடியாக் கட்டுன சேலத்துண்டு. மொதல்ல கட்டுனவங்கதான் தெரிவாங்களாட்டம். பாவாயி மொதல்ல கட்டுன துணின்னு இந்த லோகத்துல ஒண்ணு இருந்தாத்தான?

மினுக்கன் பட்டுச்சேலையோட வந்தான். "வேண்டாம்"ன்னா. இந்தத் தடவ சத்தம் கொறஞ்சிருந்துச்சு.

ஒரு நா நஞ்சம்மா கேட்டா, "அது சரி, மொத ஒட்டு யாரு போட்டது? நான் போடல."

"நானும் இல்ல", "நானும் இல்ல"ன்னு ஊரே சொல்லுச்சு.

"அப்ப இன்னும் யாரோ தெரியாம இருக்காங்க. யாரு கொறையறாங்கன்னு பாருங்க."

சுத்திச் சுத்திப் பாத்தாங்க. "எல்லாரும் இருக்கமே. ஒருத்தரும் கொறையல."

பாவாயி அவங்க நடுவுலதான் நின்னுட்டிருந்தா. அத்தன நாளும் அழாதவ அப்ப அழுதா.

மினுக்கன் வந்தான், தங்கச்சரிகைச் சேலையோட. "கேட்டியா? நீ இல்லாதது அவங்களுக்குக் கொறையாவே தெரியல. குழிக்குத் தீ வெய்யி. இதக் கட்டு. எனக்கு நீ, உனக்கு நான்."

பாவாயி அவனப் பாத்தா. சரிகையப் பாத்தா. ஒரு கைய நீட்டிட்டா. ஆமாங்க, நீட்டிட்டா, நான் எதுக்கு மறைக்கணும்? இன்னொரு கையில ஊசி இருந்துச்சு, நூலோட.

"ஏனுங்க, இங்க வாங்க"ன்னு நஞ்சம்மா குரலு. "ஊசி ஒண்ணு அந்தரத்துல தொங்குது பாருங்க."

நீட்டுன கை அப்படியே நின்னுருச்சு.

நஞ்சம்மா கிட்ட வந்தா. "யாரு? ஒட்டுப் போட்டது நீயா? ஆமான்னா ஊசிய ஆட்டு."

ஊசி ஆடுச்சு.

"ஆம்பளையா, பொம்பளையா?"

"ஊசி எப்படிடி அதுக்குப் பதில் சொல்லும்?"ன்னான் சென்னியப்பன்.

"நீங்க சும்மா இருங்க." நஞ்சம்மா ஊசியில கோத்திருந்த நூலத் தொட்டுப் பாத்தா. அப்புறம் மெதுவா, "எங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பியே, கந்தலுக்கு. அவதான நீ?"

ஊசி ஆடுச்சு.

"உம் பேருகூட எனக்குத் தெரியாதே அம்மணி. அன்னைக்கே கேட்டிருக்கணும்."

தையக்கார மாரப்பன் தலையச் சொறிஞ்சாரு. "மொதல்ல கட்டுனவங்கதான தெரியறாங்க, அந்தப் பொண்ணு கட்டுன கோடின்னு ஒரு முழம் இல்லையே. நம்ம எல்லாரும் சேந்து குடுத்தது பூராக் கந்தல்." சொல்லிட்டு அவரே குழியில எறங்கி ஒரு மூட்டையத் தூக்கிட்டு வந்தாரு. கடையில மிச்சம் விழுந்த வெட்டுத்துணி. கழுத்து வெட்டுனது, அக்குள் வெட்டுனது, பாவாடயில ஓரம் தள்ளுனது. "கையகலந்தான். ஆனா இத ஒரு பயலும் கட்டுனதில்ல. சேலையாத் தச்சு, அவ மொதல்ல கட்டிட்டு ஆளுக்கொரு துண்டு கிழிச்சுக் குடுத்தா, நமக்குத் தெரிஞ்சிருவா."

அந்த மூட்ட பாவாயி கண்ணுல தெனம் பட்டதுதான். தனக்குன்னு தச்சுக்கலாம்னு அவளுக்குத் தோணவே இல்ல. தோணியிருந்தா எனக்கு இத்தன தொண்டத்தண்ணி செலவாயிருக்காது.

ஊரே உக்காந்து தச்சுது. பச்சைக்குப் பக்கத்துல மஞ்சளா, செவப்பான்னு சண்ட போட்டுட்டே தச்சுது. முடிச்சுக் கொடியில போட்டுட்டு எல்லாரும் திரும்பி நின்னுக்கிட்டாங்க. யாருக்கும் தெரியாதுதான், ஆனாலும் பாவாயி மறவுலதான் போய்க் கட்டுனா. புதுத்துணி இடுப்புல மொடமொடன்னு நின்னுச்சு. கஞ்சி வாசம் அடிச்சுது. அன்னைக்குப் பகல் பூரா குழியச் சுத்திச் சுத்தி நடந்தா. ஊரு கண்ணுக்கு, கொடியில கெடந்த வண்ணச்சேல காணாமப் போச்சு, அவ்வளவுதான்.

பொழுது எறங்கறப்ப மினுக்கன் பின்னாடியே வந்தான். "உனக்குன்னு வந்த ஒரே கோடி. அதக் கிழிக்கவா போற? மறுபடி கந்தலா?"

பாவாயி முந்தானையத் தடவிப் பாத்தா. மனசே வரல. ஒரு மடிப்பக்கூடக் கிழிக்க மனசு வரல. அப்புறம் மறவுல போய்ப் பழசக் கட்டிட்டு வந்தா. கோடிச்சேலைய எடுத்துச் சர்ருன்னு கிழிச்சா. சத்தம் ஊரு முச்சூடும் கேட்டுச்சு. ஆளுக்கொரு துண்டு. மொதத் துண்ட நஞ்சம்மா முந்தானையில முடிஞ்சுட்டா.

நஞ்சம்மா அவளையே பாத்தா. "என்ன புள்ள, இப்படி எளச்சுக் கெடக்க? வா, மொதல்ல சாப்பிடு. உம் பேரென்ன?"

"பாவாயிங்க." ரொம்ப நாளா யாருக்கும் கேக்காத கொரலு, கரகரன்னு வந்துச்சு.

ஊருல கடைசி ஆளு கைக்கும் ஒரு துண்டு போய்ச் சேந்துச்சு. அரமன வாசல்ல தறி, "டக்கடக்க புது..."ன்னு இழுத்து, தொண்ட அடச்சு நின்னுருச்சு. கண்ணுக்குத் தெரியாத ஆளுன்னு இனி ஒருத்தரும் இல்ல, மந்திரம் அந்துபோச்சு. யாரு எதக் கட்டியிருந்தாலும் எல்லார் கண்ணுக்கும் எல்லாரும் தெரிஞ்சாங்க.

மினுக்கனும் தெரிஞ்சான். மினுமினுப்பு போயி, வெறும் ஆளா, குழி ஓரத்துல நின்னுட்டு இருந்தான். யாரும் உக்காருன்னு சொல்லல. பாவாயி கையில ஒரு துண்டு மிச்சம் இருந்துச்சு. அத அவம் மேல வீசுனா. "இந்தா, ஒட்டுப் போட்டுக்க. உறவெல்லாம் அப்புறம் பாக்கலாம்."

ராசா அரமனையிலயே இருந்துக்கன்னாரு. பாவாயி மாட்டேன்னுட்டா. கல்லுக்குழியவே ஊருத் துணிக்கெல்லாம் பொது எடமா எழுதி வாங்கி, அவளே பாத்துக்கிட்டா. பழசக் கொண்டாந்து போடலாம், வேண்டியத எடுத்துட்டுப் போலாம். ஒரே ஒரு சட்டம்: துணி குடுக்கறவங்க, வாங்கறவங்க பேரக் கேட்டுட்டுத்தான் குடுக்கணும். நஞ்சம்மா மட்டும் தெனம் ஒரு தடவ சும்மாவே வந்து, "பாவாயி, சாப்பிட்டியா?"ன்னு கேட்டுட்டுப் போவா.

கத முடிஞ்சுது. அதென்ன, அதுக்குள்ள எந்திரிக்கறீங்க? உக்காருங்க. இத்தன நேரம் வாய் வலிக்கப் பேசிருக்கேன், எனக்குக் கூலி வேண்டாமா? கந்தலு, கிழிசலு, வெட்டுத்துணி எதயும் எங்கிட்ட நீட்டாதீங்க, அதெல்லாம் கதைக்குத்தான் நல்லா இருக்கும். எனக்கு எட்டு முழக் கோடி வேட்டி, சரிகைக் கரை, மடிப்புக் கலையாம. யாரு எடுத்துத் தரப்போறீங்க? பேரச் சொல்லிட்டுப் போங்க.