சாக்கு கிடந்த இடம்

"பொருந்திடுச்சு அக்கா."

கடைசி நட்டையும் முறுக்கிவிட்டு நிமிர்ந்தான் யாகப்பன். சவரியம்மாளின் பட்டறையில் தொழில் கற்க வந்த எல்லாருக்கும் அவள் அக்காதான். அவளைவிட மூத்தவனான யாகப்பனுக்கும்.

கரும்பு ஏற்றும் டிரெய்லர் அது. சேற்றில் புதைகிறது என்று சின்னச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, உயரமான லாரிச் சக்கரங்களை மாட்டச் சொல்லியிருந்தார் அதன் சொந்தக்காரர் தணிகாசலம். கரும்பு வெட்டாட்கள் மூட்டை முடிச்சோடு வாசலில் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தியின் இடுப்பில் கைக்குழந்தை.

"ஹப்பு?" என்றாள் சவரியம்மாள்.

"பழசுதான்."

"பிரேக்கு?"

"அதுவும் பழசுதான். சின்னச் சக்கரத்தோட வந்தது. ஆனா துளைக்குத் துளை சரியா உக்காந்துடுச்சே அக்கா. இன்னும் என்னதான் பொருந்தணும்?"

 அவள் கரும்புப் பாரத்துக்கு ஈடாக மணல் மூட்டைகளை ஏற்றச் சொன்னாள். சரிவான முற்றத்தில், சக்கரம் உருளாமலிருக்க அண்டைக்கல் கொடுத்து டிரெய்லர் நின்றது. யாகப்பன் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் போட்டான்.

"கல்யாணமே முடிஞ்சாச்சு, இன்னும் பொண்ணு பாத்துக்கிட்டிருக்கீங்களே!" என்றார் தணிகாசலம்.

சவரியம்மாள் குழந்தைக்காரியிடம் போனாள்.

"கரும்புக் கொல்லையில பிள்ளைய எங்கம்மா போடுவே?"

"டிரெய்லர் நிழல்லதாங்க. அங்க மரம் ஏது? சாக்க விரிச்சுப் போட்டா தூங்கிடுவான்."

"டிராக்டரு?"

"அது கழட்டிக்கிட்டு வேற வேலைக்குப் போயிடும்."

அவளுடைய சாக்கையே கேட்டு வாங்கினாள் சவரியம்மாள். சரிவின் பக்கம், சக்கரத்துக்கு முன்னால் விரித்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அதில் படுத்தாள்.

"யாகப்பா, கல்லை எடு."

அவன் மண்டியிட்டான். கல்லில் கை வைத்தான். அவளுடைய நரைத்த முடி டயரில் உரசிக்கொண்டிருந்தது.

"எடுப்பா. பொருந்திடுச்சுன்னியே."

"எந்திரிங்க அக்கா."

"எடு."

துளைகள் சரியாகத்தான் இருந்தன. நட்டுகள் சரியாகத்தான் இருந்தன. கைதான் அசையவில்லை.

"என்னால முடியாதுக்கா."

சவரியம்மாள் எழுந்தாள். சாக்கை எடுக்கவில்லை. கடப்பாரையால் கல்லைத் தட்டிவிட்டாள்.

டிரெய்லர் நின்றது.

"பாத்தீங்களா, நிக்குதுல்ல!" என்றார் தணிகாசலம்.

பெரிய சக்கரத்தைப் பிடிக்க முடியாமல் பிரேக் டிரம்முக்குள் ஏதோ முனகியது. சக்கரம் அவசரமே இல்லாமல் உருண்டது. சாக்கின் மேல் ஏறியது, இறங்கியது, கீழே மண்மேட்டில் முட்டி நின்றது.

 குழந்தைக்காரி பிள்ளையின் உச்சந்தலையைக் கையால் மூடிக்கொண்டாள். தணிகாசலம் பழைய சக்கரங்கள் கிடந்த மூலையைப் பார்த்தார்.

யாகப்பன் மூட்டைகளை இறக்கப் போனான். முதல் மூட்டையைத் தோளில் வாங்கியவன் அப்படியே நின்றான்.

"அக்கா, கீழ படுத்தப்போ உங்களுக்குப் பயமா இல்லியா?"

"இருந்துச்சு."

சக்கரத்தின் தடம் பதிந்த சாக்கை அவள் எடுத்து உதறினாள். குழந்தைக்காரியிடம் கொடுத்தாள்.

"அவனுக்கு இருக்காது. தூங்கிக்கிட்டிருப்பான்."