மாதாமாதம் வரும் சாமான்

மில் முதலாளி நாச்சிமுத்து வீட்டிலிருந்து யாரும் கடைக்குப் போகக் கூடாது. எது தேவை என்று செல்போனில் இருக்கும் ஏஐ-யே பார்த்து வாங்கிவிடும். அழுகிய தக்காளியைச் சமையல்காரி பாவாயி ஒருமுறை திருப்பி அனுப்பியதற்கு, "உன்னைவிட அதுக்கு அறிவு அதிகம். இனி எதையாவது திருப்பினா வேலைக்கு வராதே" என்று சீறினார்.

போன மாதம் முதலாளியின் தாயார் இறந்தார். பாடை கட்டும் சாமான்களையும் அதுவே வரவழைத்தது.

இந்த மாதம் விருந்தாளிகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் வண்டி வந்து நின்றது. பாவாயி வாயைத் திறக்காமல் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தாள். பச்சை மூங்கில், கோடித்துணி, கொள்ளிக்குடம்.

இலையில் கைகள் அப்படியே நின்றன.

"என்னடி இது?"

"போன மாசம் வாங்கினதை அது மறக்கலைங்க. திருப்பக் கூடாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

அந்நேரம் பார்த்து முதலாளியின் செல்போன் இனிமையாகக் கேட்டது: "மாதாமாதம் இதையே அனுப்பட்டுமா?"

பாவாயி நிதானமாகச் சொன்னாள்:

"வீட்டுல மிச்சம் நாலு பேருதானுங்க. நாலு மாசத்துக்கு மேல வேண்டாம்னு சொல்லிப்போடுங்க."