கருப்பட்டியும் பதநீயும் அடை உக்காந்த கதை

ஒரு ஊர்ல ஒரு பறவைக்கூடம் இருந்துச்சாம். நீ கூண்டுன்னு சொல்லிருவ. கூண்டு இல்ல மக்கா, கூடம். மனுஷர் உள்ள போய் நிமிர்ந்து நிக்கலாம். சுத்தி கம்பிவலை, மேல தகரம், நடுவுல ஒரு காஞ்ச முருங்கைக் கொம்பு. தூத்துக்குடியில அமலோற்பவம்னு ஒரு அம்மா வீட்டுக்குப் பின்னால கட்டி வச்சிருந்தா. ம் சொல்லு, அப்பத்தான் கதை நகரும்.

ம்.

அந்தக் கூடத்துல ரெண்டு சில்லைக் குருவி. உன் கட்டைவிரல் தண்டிதான் இருக்கும். ஒருத்தன் பழுப்பு, பேரு கருப்பட்டி. இன்னொருத்தன் வெள்ளை, பேரு பதநீ. ரெண்டு பேரும் ஆம்பளை. ஆனா சில்லையில ஆணும் பொண்ணும் பாக்க ஒண்ணுபோலத்தான் இருக்கும். ரெண்டும் ஒரே மண்பானைக்குள்ள ஒட்டிக்கிட்டுத் தூங்குறதைப் பாத்த அமலோற்பவம், சரி, புருஷன் பொண்டாட்டின்னு முடிவு கட்டிட்டா. அவனுங்களும் மறுக்கல. நல்ல பானை. எதுக்கு மறுக்கணும்?

அப்புறம், அங்க ஒரு வண்ணக்குருவி இருந்தா. செவப்புத் தலை, ஊதா நெஞ்சு, மஞ்ச வயிறு, பச்சை முதுகு. கடல் தாண்டி வந்த சாதி. அவ முட்டை போட்டா. போட்டுட்டு விர்ர்னு பறந்து கொம்புல உக்காந்து றெக்கையைக் கோத ஆரம்பிச்சா. அவளைத் திட்டாதே. சில பேருக்கு உக்கார வராது, அவ்வளவுதான். ஆனா முட்டை ஆறிப்போகுதே? அமலோற்பவம் பாத்தா. ஒரு டீஸ்பூனால முட்டைகளை அலுங்காம அள்ளி, சில்லைப் பானைக்குள்ள வச்சுட்டுப் போயிட்டா.

கருப்பட்டி எட்டிப் பாத்தான். வெள்ளை வெளேர்னு முட்டை. தொட்டான். ஜில்லுன்னு இருந்துச்சு.

"ஏல பதநீ, குளிருதுல்லா இதுக்கு."

"ஆமாலே."

அவ்வளவுதான் பேச்சு. ரெண்டு பேரும் ஏறி உக்காந்துட்டானுங்க.

அப்போ வந்தாரு கொண்டைக்கிளி அண்ணாச்சி. தலையில மஞ்சக் கொண்டை, கன்னத்துல ஆரஞ்சுப் பொட்டு. அந்தக் கூடத்துல யாரும் கேக்காமலே நியாயம் சொல்லுறவரு.

"எல, வெக்கமா இல்ல? முட்டை போட வக்கில்ல, அடை ஒரு கேடா?"

கிளுக் கிளுக் கிளுக்னு மத்த கிளியெல்லாம் சிரிச்சுது. பதநீ தலையைக் குனிஞ்சுக்கிட்டான். கருப்பட்டி குனியல.

"அண்ணாச்சி, போடறது கொஞ்ச நேர சோலி. உக்காறதுதான் சோலி. நீங்க எதுல ஒத்தாசைக்கு வந்திருக்கீங்க?"

அண்ணாச்சி கொண்டை டக்குனு படுத்துருச்சு. முதல் சோதனையைத் தாண்டியாச்சு.

ம்.

அப்புறம் ஒரு சாயங்காலம், மழை. சட சட சட! சாரலுக்கு மறைப்பாக் கட்டியிருந்த தார்ப்பாய் கயிறு அறுந்து பட் பட் பட்டுன்னு அடிக்குது. சாரல் நேரா பானை வாய்க்குள்ள அடிக்குது. மத்த பறவையெல்லாம் தகரத்தடி மூலைக்கு ஓடிருச்சு. அண்ணாச்சி அங்கிருந்தே கத்துறாரு.

"விட்டுட்டு வாங்கலே! உங்க முட்டையா அது?"

பதநீ எழுந்து போய் பானை வாயில முதுகைக் குடுத்து அடைச்சு நின்னான். அவ்வளவு தண்ணியும் அவன் முதுகுல. உள்ள கருப்பட்டி, முட்டை மேல. பதநீ நடுங்க ஆரம்பிச்சதும் இவன் வாயிலுக்குப் போனான், அவன் முட்டைக்கு வந்தான். மழை நிக்கிற வரைக்கும் இப்படியே மாறி மாறி. நனைஞ்ச பஞ்சாட்டம் ஆயிட்டானுங்க ரெண்டு பேரும். முட்டை மட்டும் நனையல. ரெண்டாவது சோதனையையும் தாண்டியாச்சு.

மூணாவதுதான் பெருசு. கண்ணை மூடிக்கிட்டே கேளு.

மறுநாள் வெயில் வந்துச்சா, பதநீ சந்தோஷத்துல கொம்புல குதிச்சுக் குதிச்சுப் பாடினான். கிர்ர் சுக் சுக் கிர்ர். முட்டை மேல இருந்தபடியே கருப்பட்டியும் பாடினான். குருவிங்க கொத்தித் தின்னக் கணவாய் ஓடு மாட்ட வந்த அமலோற்பவம் கை அப்படியே நின்னுருச்சு. ஏன்னா, சில்லையில பெட்டை பாடாது.

"அட மாதாவே! ரெண்டும் சேவலா? இவனுங்க எப்படிக் குஞ்சு வளப்பானுங்க? பக்கத்துப் பானையில நிஜ ஜோடி இருக்கு, அங்க மாத்திருவோம்."

கை உள்ள வருது. அவ்வளவு பெரிய கை, பானை வாயே மறைஞ்சு இருட்டாயிருச்சு. சில்லை கடிக்காது மக்கா. அந்தச் சாதியே கடிக்காது. கருப்பட்டி கடிச்சான். விரலைக் கவ்வித் தொங்கினான்.

"ஸ்ஸ்! விடுலே கிறுக்கா!"

விடல. பதநீயும் பறந்து வந்து அந்தக் கை மேலயே உக்காந்து கொத்துறான். அப்போ, அடியில, டொக்.

அமலோற்பவம் அசையல. டொக் டொக். முட்டைக்குள்ள இருந்து யாரோ தட்டுறாங்க. மெதுவாக் கையை வெளிய எடுத்தா.

"சரி. நாளைக்கு வந்து பாப்பேன். குஞ்சு கழுத்துப் பையில தீனி இருக்கணும். இல்லன்னா எடுத்துருவேன், பாத்துக்கோ."

குஞ்சு வந்துச்சு. ஒண்ணு, அப்புறம் இன்னொண்ணு, அப்புறம் எல்லாம். ரோஸ் நிறத்துல, முடியே இல்லாம. வாயைத் திறந்தா, வண்ணக்குருவிக் குஞ்சுக்கே உண்டான மாதிரி, கடைவாயில நீல நீலமா மணி! பானை இருட்டுல பளிச் பளிச்சுன்னு மின்னுது. பதநீ பயந்து பின்னால போனான்.

"ஏல, இது நம்ம சாதிப் பிள்ளையே இல்லலே. நம்ம பிள்ளைக்கு வாயில விளக்கு எரியுமா?"

"இருட்டுல வாய் எங்கன்னு தெரியுதுல்ல? நல்லதுதான? ஓடு, தினை எடுத்துட்டு வா."

பதநீ ஓடினான். ஊறின தினையைத் தின்னு, வந்து கக்கி ஊட்டினான். அப்புறம் கருப்பட்டி போனான். போறான் வாரான், போறான் வாரான். கீ கீ கீ கீன்னு பானை ஓயல.

மறுநாள் அமலோற்பவம் வந்து எட்டிப் பாத்தா. குஞ்சுத் தோல் கண்ணாடி மாதிரி இருக்கும்ல? ஒவ்வொரு கழுத்துலயும் பை உப்பி, உள்ள தினை அப்படியே மணி மணியாத் தெரியுது. கடிபட்ட விரலைச் சப்பிக்கிட்டே போய், இன்னொரு கிண்ணம் தினை கொண்டுவந்து வச்சா.

அண்ணாச்சிக்கு மட்டும் பொறுக்கல. கொண்டையைத் தூக்கிக்கிட்டு பானை வாயில வந்து நின்னாரு.

"எல்லாம் சரிதாம்லே. இதுல அம்மா யாரு? அதைச் சொல்லு முதல்ல."

கருப்பட்டி தலையை வெளிய நீட்டினான். அலகு பூரா தினைக் கூழ்.

"வாய் நிறைய சோறு இருக்கு அண்ணாச்சி. பிள்ளைங்க பசியாறட்டும், அப்புறம் வாங்க."

சொல்லிட்டு உள்ள போயிட்டான்.

அம்புட்டுத்தான் மக்கா. பானைக்குள்ள எல்லா வாயும் மூடியாச்சு, கதைக்கும் வாய் மூடியாச்சு. நீயும் தூங்கு.