பொன்னாடைக்கு வந்த கூட்டம்

எழுத்தாளர் பூவராகன் தமக்குக் கிடைத்த பாராட்டையெல்லாம் வலைப்பூவில் போடுவார். எட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை. தட்டச்சு செய்யும் செண்பகவல்லியைக் கூப்பிட்டார்.

"என் பெருமையைத் தவிர வேறெதுவும் எழுதக் கூடாதும்மா. ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள ஆயிரம் பேர் வரணும். இல்லேன்னா உனக்கு வேலை இல்லை."

அவள் சாமியைக் கும்பிட்டுவிட்டு ஒரு பதிவு போட்டாள். வெள்ளிக்கிழமை பார்த்தால் நாலாயிரம் பேர்!

"எந்த நாவலுக்கும்மா இத்தனை கூட்டம்?" என்று பூரித்தார்.

"உங்களுக்குப் போர்த்தின நூற்றிருபது பொன்னாடைக்குங்க ஐயா. அதை வெட்டித் தலையணை உறை தைக்கிற விதத்தையும் சேர்த்து எழுதினேன். வந்ததெல்லாம் எழுத்தாளர்கள் வீட்டுப் பெண்கள்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"பின்னூட்டத்தில் அவங்களே சொல்றாங்க. 'பீரோ காலியாச்சு, நன்றி'ன்னு முதல்ல எழுதினது உங்க வீட்டம்மாதாங்க."

பூவராகன் தாம் சாய்ந்திருந்த தலையணையைத் திரும்பிப் பார்த்தார். சரிகை மின்னியது.

திங்கட்கிழமையும் செண்பகவல்லி வேலைக்கு வந்தாள்.